பி.எட். சேர இருக்கிற வேலையை விடலாமா?

நெல்லைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 31. பி.எஸ்சி. கணிதம் கல்லூரிக்குப் போய்ப் படித்தவர். திருமணத்துக்குப் பிறகு எம்.எஸ்சி. கணிதத்தைத் தொலைநிலைக் கல்வியில் முடித்திருக்கிறார். ஒரு ஜவுளி மொத்த வியாபார நிறுவனத்தில் ஆறு வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை. மாதம் 17,000 ரூபாய், பி.எஃப். உண்டு. கணவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அதில் ஒரு மாத வருமானம் மறு மாதம் இருக்காது. நான்கு வயதில் ஒரு மகன். வீடு சொந்தம். கையில் சீட்டு எடுத்த பணம் 90,000 ரூபாயும் 11 பவுன் நகையும் இருக்கின்றன.

மாமியார் பி.எட். படிக்கச் சொல்கிறார். அவருடைய தங்கை பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, காத்திருந்து அரசுப் பள்ளி ஆசிரியை ஆனவராம். "எங்கள் தெருவிலேயே ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது, அங்கே கிடைத்தால் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம்" என்பது வாசகியின் ஆசை. பக்கத்துத் தனியார் கல்வியியல் கல்லூரியில் வருடத்துக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள். இன்னொருவர், வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் மொத்தம் 1,10,000 கட்டினால் போதும், மாதம் இரண்டு நாள் தலையைக் காட்டினால் சரி, வேலையை விட வேண்டாம் என்கிறார். "நகையை அடகு வைத்துப் படிக்கலாமா? போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும்?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று சேர்வதற்கு முன்பே கேட்பவர்கள் குறைவு. சேர்ந்து, முடித்து, ஒரு மெட்ரிக் பள்ளியில் முதல் சம்பளம் வாங்கிய பிறகுதான் பெரும்பாலானோர் என்னிடம் வருகிறார்கள். அதனால் உங்கள் கேள்விக்குக் கணக்காகவே பதில் சொல்கிறேன். நீங்களும் கணக்கு எழுதுகிறவர்தானே.

உண்மையான செலவு எது?

இரண்டு வருடக் கட்டணம் 1,20,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டுகள், கற்பித்தல் துணைக்கருவிகள், சீருடைச் சேலை, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 40,000 வைத்துக்கொள்ளுங்கள். (நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறது, உங்கள் ஊருக்கு அந்த வெள்ளைப் பலகைப் பேருந்து வருமானால் இதில் கொஞ்சம் மிச்சமாகும்.) இதுவரை 1,60,000. உங்கள் கடிதத்தில் விட்டுப்போன வரி ஒன்று இருக்கிறது. இரண்டு வருடம் வராமல் போகும் சம்பளம், 24 மாதத்துக்கு 17,000 வீதம், 4,08,000 ரூபாய். மொத்தம் 5,68,000. நிறுவனம் உங்கள் பெயரில் கட்டும் பி.எஃப். பங்கை நான் இதில் சேர்க்கவே இல்லை.

அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால் கட்டணம் மிகவும் இறங்கிவிடும். தமிழ்நாட்டில் 7 அரசுக் கல்வியியல் கல்லூரிகளும் 14 உதவி பெறும் கல்லூரிகளும் இருக்கின்றன. இவற்றில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் சுமார் 2,040. பாளையங்கோட்டை உங்களுக்குத் தூரமில்லை. அங்கேயே புனித இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரி போன்ற உதவி பெறும் கல்லூரிகள் இருக்கின்றன. மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும் பார்த்துத்தான் இடம் தருவார்கள் என்பதால், நிச்சயம் கிடைக்கும் என்று நான் சொல்ல முடியாது. விண்ணப்பிக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். கிடைத்தால் மொத்தச் செலவில் சுமார் ஒரு லட்சம் குறையும். அப்போதும் நாலே முக்கால் லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது பாருங்கள். உங்களைப் போல வேலையில் இருப்பவருக்குக் கல்லூரிக் கட்டணம் இந்தக் கணக்கின் சின்னப் பகுதிதான்.

சரி, வரவுக்கு வருவோம். பி.எட். முடித்தவருக்கு மூன்று விதமான சம்பளம் இருக்கிறது.

உங்கள் பக்கத்துச் சிறிய மெட்ரிக் பள்ளிகளில் புதிதாகச் சேரும் கணித ஆசிரியைக்கு 14,000 முதல் 16,000 வரை தருவதாக நீங்களே விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். இப்போது வாங்குவதைவிட இது குறைவு. இந்த வேலைக்காகப் படித்தால் போட்ட பணம் எந்தக் காலத்திலும் திரும்பாது. நகரத்தில் ஓரளவு பெரிய சிபிஎஸ்இ பள்ளி 26,000 தருகிறது என்று வைத்துக்கொண்டால், இப்போதைய சம்பளத்தைவிட மாதம் 9,000 கூடுதல். 5,68,000-ஐ அதால் வகுத்தால் 63 மாதம், அதாவது ஐந்தேகால் வருடம். படிப்புக் காலத்தையும் சேர்த்தால் உங்களுக்கு வயது 38 ஆகியிருக்கும். அதுவும் அந்தப் பள்ளி மே மாதச் சம்பளத்தைப் பிடிக்காமல் தந்தால்.

மூன்றாவது, அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பணி. தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,900. அகவிலைப்படி இப்போது அடிப்படையில் பாதியைத் தாண்டிவிட்டதால் மொத்தம் 55,000-க்கு மேல் வரும். ஓய்வூதியப் பங்களிப்பாக 10 சதவீதம் பிடித்தது போகக் கையில் 50,000 என்று கொள்ளலாம். கூடுதல் வரவு மாதம் 33,000. போட்டது ஒன்றரை வருடத்துக்குள் திரும்பிவிடும்.

ஆக, "பி.எட்.டுக்கு வருமானம் எவ்வளவு" என்று கேட்டால் பதில் கிடையாது. எந்த வேலைக்காகப் படிக்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்தால்தான் கணக்குப் போட முடியும்.

மாமியாரின் தங்கை காலம் வேறு

அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்புப்படி பட்டதாரி ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2010 அறிவிக்கையால், எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுக்க ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) கட்டாயமானது. தமிழ்நாட்டில் முதல் டெட் 2012-ல் நடந்தது. பதிந்துவிட்டுக் காத்திருந்தால் வீடு தேடி ஆணை வந்த காலம் அதோடு முடிந்தது.

டெட் பாஸ் செய்தாலே வேலை என்றும் நினைத்துவிடாதீர்கள். டெட் ஒரு தகுதிதான். 2018 ஜூலையில் வந்த அரசாணை 149-ன்படி, டெட் தேறியவர்கள் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். டெட் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும் என்பது ஒரு நல்ல செய்தி.

தெருவில் இருக்கும் தொடக்கப் பள்ளி ஆசையை நீங்கள் விட்டுவிடத்தான் வேண்டும். பி.எட். படித்தவர்கள் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரை கற்பிக்கத் தகுதியானவர்கள் அல்லர் என்று 2023 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்த வகுப்புகளுக்குத் தொடக்கக் கல்விப் பட்டயம் படித்திருக்க வேண்டும். பி.எட். ஆறாம் வகுப்பிலிருந்துதான். அப்புறம், அரசு வேலை கிடைத்தாலும் முதல் பணியிடம் உங்கள் ஊரில் அமையும் என்று எண்ண வேண்டாம். காலியிடம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கேதான். நான்கு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வேலைக்குப் போவதைப் பற்றிக் கணவரும் நீங்களும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

தமிழ்வழியில் பி.எட். படித்தால் 20 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. 2020-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்குரிய தகுதிப் படிப்பு வரை எல்லாமே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். நீங்கள் பி.எஸ்சி.யை ஆங்கிலவழியில் படித்தவர்.

உங்களிடம் இருக்கும் நல்ல சீட்டு

பெரிய சாதகம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. முதுநிலை ஆசிரியர் பணிக்கு டெட் தேவையில்லை. எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இருந்தால் நேராக ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதலாம். பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டுமே கணிதம் என்பதால் பாடம் மாறிப் படித்த சிக்கலும் இல்லை. எம்.எஸ்சி.யில் 50 சதவீதம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வயதைப் பற்றியும் கவலை வேண்டாம். நேரடி நியமனத்துக்கான உச்ச வரம்பு பொதுப் பிரிவுக்கு 53, மற்ற பிரிவுகளுக்கு 58 என்று உயர்த்தப்பட்டிருக்கிறது.

ஆனால் போட்டி கடுமையானது. 2025 அறிவிக்கையில் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து 1,996 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். அதற்கு முந்தைய அறிவிக்கைகள் 2019-லும் 2021-லும் வந்தன. தேர்வு வருடா வருடம் வருவதில்லை, நான்கு வருட இடைவெளிகூட விழுகிறது. நீங்கள் 33 வயதில் பி.எட். முடித்து, அப்போதுதான் ஒரு தேர்வு முடிந்திருந்தால், அடுத்ததற்கு மூன்று நான்கு வருடம் 15,000 சம்பளத்தில் காத்திருக்க நேரலாம். மேலே போட்ட ஒன்றரை வருடக் கணக்கில் இந்தக் காத்திருப்பு இல்லை. சேர்த்துப் பார்த்தால் அது அவ்வளவு அழகாக இருக்காது.

எனவே ஐந்து லட்சத்தை இறக்குவதற்கு முன்னால் செலவே இல்லாமல் ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்தத் தேர்வின் 150 மதிப்பெண்ணில் 110 கணிதப் பாடத்துக்கு, 30 கல்வியியலுக்கு, 10 பொது அறிவுக்கு. தனியாகத் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. அதில் 50-க்கு 20 எடுக்காவிட்டால் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். நீங்கள் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர் என்பதால் அது உங்களுக்குப் பெரிய தடையாக இருக்காது. பழைய கணித வினாத்தாள்கள் கிடைக்கின்றன. வேலையில் இருந்துகொண்டே, காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் என்று ஆறு மாதம் இயற்கணிதம், மெய்ப் பகுப்பாய்வு, வகைக்கெழுச் சமன்பாடுகள் மூன்றையும் மறுபடி படியுங்கள். பிறகு நேரம் வைத்து ஒரு வினாத்தாளை எழுதுங்கள். 110-க்கு 60 வந்தால் உழைத்தால் எட்டும் தூரம்தான். 30-ஐத் தாண்டவில்லை, படிக்கவும் பிடிக்கவில்லை என்றால், சம்பளத்தை விடாமலே ஒரு முடிவு தெரிந்துவிட்டது. தொலைநிலையில் படித்த எம்.எஸ்சி. எவ்வளவு மனதில் நிற்கிறது என்பது உங்களுக்கே தெரியும், சங்கடப்படாமல் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்களுக்கு வேண்டியது ஆசிரியர் வேலையா, அரசு வேலையா? கடிதத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டாவதுதான் என்றால் டிஎன்பிஎஸ்சி குரூப் 2-க்கும் குரூப் 4-க்கும் பி.எட். வேண்டாம், இப்போதிருக்கும் பட்டமே போதும். மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேருக்கு வீட்டில் டியூஷன் எடுத்துப் பாருங்கள். பிடிக்கிறதா என்பதும் தெரியும், கொஞ்சம் பணமும் வரும்.

மாதம் இரண்டு நாள் கல்லூரி

இதை மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன், வேண்டாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு வருட முழுநேரப் படிப்பு. வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் ஒரு பள்ளியில் போய்ப் பாடம் நடத்த வேண்டும். வராதவருக்கு வருகை போட்டுத் தரும் கல்லூரி, இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதிக் கொடுக்கிறது. அந்தக் காகிதத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கும்.

மாட்ட மாட்டோம் என்பார் தரகர். உங்கள் பி.எஃப். கணக்கில் அந்த 24 மாதமும் நெல்லை நிறுவனத்தின் பங்களிப்பு மாதாமாதம் பதிவாகிக்கொண்டே இருக்கும். வெளிமாநிலக் கல்லூரிப் பதிவேட்டில் அதே நாட்களில் நீங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். தேர்வில் வென்ற பிறகு வேலை போவதுதான் இதில் பெரிய நஷ்டம். பணத்தை ரொக்கமாகக் கேட்டு, முழுத்தொகைக்கு ரசீது தர மறுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ரசீது இல்லாத கட்டணத்துக்கு வங்கிக் கடனும் கிடைக்காது.

எந்தக் கல்லூரியானாலும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலிலும், தமிழ்நாட்டுக் கல்லூரி என்றால் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலிலும் அந்தந்த ஆண்டுக்குப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். தனியார் கல்லூரிகளுக்கு அரசு அமைத்த கட்டண நிர்ணயக் குழு ஒன்று இருக்கிறது. உங்களிடம் கேட்கும் 60,000 அந்தக் குழு அனுமதித்த தொகைதானா என்று ஆணையைக் காட்டச் சொல்லுங்கள்.

முதுநிலை முடித்தவர்களுக்கு ஒரு வருட பி.எட். வரப்போகிறதாமே என்று கேட்டீர்கள். குழுமம் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட வரைவு விதிகளில் அது இருக்கிறது. வந்தால் உங்களுக்கு ஒரு வருடச் சம்பளம், இரண்டு லட்சத்துக்கு மேல் மிச்சம். ஆனால் வரைவை நம்பி யாரிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள். நான் சொன்ன ஆறு மாதச் சோதனை முடியும்போது நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

நகையா, கடனா?

நகையைக் கடைசிக்கு வையுங்கள். நான்கு லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குப் பொதுத்துறை வங்கிகள் பொதுவாக ஈடு கேட்பதில்லை, நம் பங்காக ஒரு தொகை போடவும் தேவையில்லை. வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். படிப்புக் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை கட்டத் தேவையில்லை, அதுவரை தனி வட்டிதான் ஓடும். நகைக்கடனில் இந்த அவகாசம் கிடையாது. வருமானம் இல்லாத இரண்டு வருடத்தில் வட்டி கட்ட முடியாமல் ஏலத்துக்குப் போன நகைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கையிருப்பு 90,000-ஐக் கட்டணத்தில் போடாமல், பட்டறையில் வேலை மந்தமாகும் மாதங்களுக்கு வீட்டுச் செலவாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தப் பிரிவு என்று எழுதவில்லை. பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் என்றால், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் பட்சத்தில் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைக் கட்டாயம் கேளுங்கள்.

உதவி பெறும் பள்ளி ஒன்றில் சில லட்சம் கொடுத்து இடம் வாங்கலாம் என்ற உறவினர் யோசனைக்கு ஒரே பதில்தான், கொடுக்காதீர்கள். அது சட்டப்படி தவறு. அங்கேயும் கல்வித்துறை நியமனத்துக்கு ஒப்புதல் தந்தால்தான் அரசுச் சம்பளம் வரும். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களே டெட் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் சொல்லியிருக்கிறது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு வருட அவகாசம் மட்டுமே கொடுத்தது. சிறுபான்மைப் பள்ளிகளைப் பற்றிய கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது.

தனியார் பள்ளியில் சேரும்படி ஆனால்

பி.எட். முடித்து இடையில் தனியார் பள்ளியில் இருக்க நேர்ந்தால், நியமன ஆணையை எழுத்தில் வாங்குங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளி என்றால் பி.எஃப். கட்ட வேண்டும். ஐந்து வருடம் தொடர்ந்து பணிபுரிந்தால் பணிக்கொடை உண்டு. ஆசிரியர்களுக்கு அது கிடையாது என்று பள்ளிகள் சொல்லிக்கொண்டிருந்தன. 2009 திருத்தச் சட்டம் அவர்களையும் சேர்த்தது, 2022-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அசல் சான்றிதழ்களைப் பள்ளியில் பிடித்து வைத்துக்கொள்ள விடாதீர்கள். சரிபார்த்துத் திருப்பித் தரட்டும், நகல் கொடுத்தால் போதும். அடுத்த அரசுத் தேர்வின் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அசல் இல்லாமல் பள்ளி வாசலில் கெஞ்சி நிற்பவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

என் யோசனை இதுதான். இந்த வருடம் வேலையை விடாதீர்கள். ஆறு மாதம் படித்து அந்த வினாத்தாளை எழுதிப் பாருங்கள். தேறினால், வரும் சேர்க்கையில் அரசு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பியுங்கள். அங்கே கிடைக்காமல் தனியார் கல்லூரிதான் என்றால், கல்விக் கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே நிறுவனத்தில் ராஜினாமா கொடுங்கள். பி.எட். முடித்து இரண்டு அறிவிக்கைகள் வரை முயலுவது என்று கணவரிடமும் மாமியாரிடமும் சொல்லி வைத்துவிடுங்கள். மாமியாருக்கு 5,68,000 கணக்கைத் தாளில் எழுதியே காட்டுங்கள். அவர் படிக்கச் சொன்னபோது கட்டணத்தை மட்டும்தான் நினைத்திருப்பார். சோதனைத் தாளில் எவ்வளவு வந்தது என்று எனக்கும் எழுதுங்கள். கல்லூரி தரும் கட்டண விவரத்தையும் சேர்த்து அனுப்பினால், கடன் தொகை எவ்வளவு கேட்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.